ரோட் சைக்கிள், மவுண்டன் பைக் டயர்ல எவ்ளோ காத்து வைக்கணும்?

பிஎஸ்ஐ-ங்கிறது டயருக்குள்ள காத்து எவ்ளோ அழுத்தமா அடைஞ்சிருக்குங்கிற அளவு, அவ்ளோதான். 70 கிலோ ஆளுன்னா 28 மிமீ ரோட் டயருக்கு 70-80 பிஎஸ்ஐ கிட்ட வைக்கலாம், 2.2 இஞ்ச் மவுண்டன் டயர்ல ட்யூப் இருந்தா 30 பக்கம் போதும், பின் டயர்ல மட்டும் ரெண்டு மூணு கூட இருக்கட்டும் ஏன்னா நம்ம வெயிட்ல பெரும்பங்கு அங்கதான் இறங்குது.

ஏன் இவ்ளோ வித்தியாசம்னா, நல்ல தார் ரோட்ல டயர் அதிகமா நசுங்காம உருண்டா மிதிக்கிற சக்தி வீணாகாது, ஆனா காட்டுப்பாதைல கல்லு, வேர் வந்தா டயர் அதைச் சுத்தி வளைஞ்சு கொடுக்கணும். விறைப்பா நீட்டுன விரலால கூழாங்கல்லைப் பிடிக்க முடியாது, மடக்குனாத்தான் பிடி கிடைக்கும், அதே கதைதான். அதுக்காக ரொம்பவும் இறக்கிடாதீங்க, கல்லுக்கும் ரிம்முக்கும் நடுவுல ட்யூப் சிக்கி பக்கத்து பக்கத்துல ரெண்டு ஓட்டை விழும். பஞ்சர் பாக்கும்போது ஓட்டை அப்படி ஜோடியா இருந்தா ஆணிய தேடாதீங்க, காத்து கம்மியா இருந்திருக்கு.

பஞ்சரே ஆகலன்னாலும் ட்யூப் ரப்பர் வழியா காத்து மெல்ல கசியும், அதனால ரோட் டயரை வாரம் ஒரு தடவையாவது அழுத்தம் காட்டுற கேஜ் வச்ச பம்ப்ல செக் பண்ணுங்க. கட்டைவிரலால அமுக்கிப் பாத்து கரெக்டா சொல்லவே முடியாது.

டயர் சைடுல 'மேக்ஸ்'னு போட்டிருக்கிற நம்பர் வரைக்கும் அடிச்சாத்தான் ஸ்பீடு வரும்னு நிறைய பேர் நினைக்கிறாங்க, அது டயர் தாங்குற உச்ச அளவு மட்டும்தான், மோசமான ரோட்ல அவ்ளோ அடிச்சா வண்டி குதிச்சு குதிச்சு வேகம் குறையத்தான் செய்யும்.