மை ஊறாத மலிவு நோட்டு: வாசகர் கேள்விகள்

கேள்வி: பல வருடம் பால்பாயின்ட் பேனாவில் எழுதிவிட்டு இப்போதுதான் மைப்பேனாவுக்கு வந்திருக்கிறேன். பேனா அருமையாக இருக்கிறது. ஆனால் சாதாரண நோட்டில் எழுதினால் எழுத்தெல்லாம் கம்பளிப்பூச்சி மாதிரி ஆகிவிடுகிறது, பின்பக்கமும் எழுத முடியவில்லை. மைப்பேனாவுக்கென்றே விற்கும் நோட்டுகளின் விலை எனக்குக் கட்டுப்படியாகாது. ஜிஎஸ்எம் அதிகமாக இருக்கிற நோட்டாகப் பார்த்து வாங்கினால் சரியாகிவிடுமா?

பதில்: ஆகாது. நானும் அப்படி நம்பி ஏமாந்தவன்தான். ஜிஎஸ்எம் என்பது ஒரு சதுர மீட்டர் தாள் எத்தனை கிராம் எடை என்கிற கணக்கு, அவ்வளவுதான். 80 ஜிஎஸ்எம் ஏ4 தாள் ஒன்றைத் தராசில் வைத்தால் சுமார் 5 கிராம் காட்டும். அந்தத் தாளில் மை ஊறுமா ஊறாதா என்று அந்த எண் சொல்லவே சொல்லாது. ஜப்பானில் உருவான டோமோய் ரிவர் என்ற தாளை மைப்பேனாக்காரர்கள் தலையில் தூக்கிவைத்துக் கொண்டாடுவார்கள், அதன் பிரபலமான வகை வெறும் 52 ஜிஎஸ்எம்தான், வெங்காயச் சருகு மாதிரி இருக்கும், ஆனால் மை பரவாது. அதே நேரம், தொட்டால் அட்டை மாதிரி இருக்கிற 100 ஜிஎஸ்எம் நோட்டு மையை மடமடவென்று குடிப்பதையும் பார்த்திருக்கிறேன்.

விஷயம் எடையில் இல்லை, தாளுக்குப் போடும் பசையில் இருக்கிறது. தாள் என்பது மரக்கூழின் நார்கள் ஒன்றோடொன்று பின்னிக் கிடப்பது. அந்த இடுக்குகளில் தண்ணீர் பட்டால் திரியில் எண்ணெய் ஏறுவது மாதிரி நார் வழியாக ஓடிவிடும், மையும் பெரும்பாலும் தண்ணீர்தானே. அதைத் தடுக்க ஆலையில் கூழோடு தண்ணீர் ஒட்டாத பொருள் ஒன்றைக் கலப்பார்கள், பல தாள்களில் மேலே ஸ்டார்ச் பூச்சும் உண்டு. துணிக்குக் கஞ்சி போடுகிறோமே, ஏறக்குறைய அந்த வேலைதான். இந்தப் பசை இல்லாமலே ஒரு தாள் செய்தால் என்ன ஆகும்? மை உறிஞ்சும் பிளாட்டிங் பேப்பர் ஆகும். உங்கள் நோட்டு பிளாட்டிங் பேப்பருக்குத் தூரத்து உறவு என்று வைத்துக்கொள்ளுங்கள்.

சரி, கனமான தாளால் பிரயோஜனமே இல்லையா என்றால், உண்டு. முன்பக்க எழுத்து பின்பக்கம் நிழலாகத் தெரிவது வேறு, மை துளைத்துக்கொண்டு புள்ளி புள்ளியாக வெளியே வருவது வேறு. நிழல் தெரிவதைக் கனமான தாள் குறைக்கும். துளைத்து வருவதைப் பசைதான் நிறுத்த வேண்டும். நிழலோடு நான் சமாதானமாகிவிட்டேன், நீங்களும் ஆகிவிட்டால் நோட்டுச் செலவு பாதியாகக் குறையும்.

கேள்வி: கடையில் நின்றுகொண்டு நல்ல நோட்டு எது என்று எப்படிக் கண்டுபிடிப்பது? அட்டையில் எதுவும் போட்டிருப்பதில்லையே.

பதில்: போட்டிருந்தாலும் நம்ப வேண்டாம். பேனாவைக் கையோடு கொண்டுபோங்கள், வீட்டில் எந்த மை ஊற்றி எழுதுகிறீர்களோ அதே மையோடு. கடைக்காரரிடம் கேட்டுவிட்டு கடைசிப் பக்கத்தின் மூலையில் நாலு வார்த்தை எழுதுங்கள். அப்புறம் நிப்பைத் தாளில் வைத்து மூன்று எண்ணும்வரை எடுக்காதீர்கள். அந்தப் புள்ளிதான் பரீட்சை. ஓரம் வட்டமாக, கத்தரித்தது மாதிரி நின்றால் நல்ல தாள். சுற்றிலும் வேர் விட்டால் வைத்துவிட்டு வந்துவிடுங்கள். புள்ளிக்குப் பின்னால் திருப்பிப் பாருங்கள், ஒரு சின்னப் பொட்டு வந்தால் பரவாயில்லை, நாம் யாரும் எழுதும்போது நிப்பை மூன்று நொடி ஊன்றி நிற்பதில்லை. தாளின் இரண்டு பக்கமும் எழுதிப் பார்ப்பது முக்கியம், தயாரிக்கும்போது ஒரு பக்கம் சல்லடையில் படிந்து வருவதால் சில தாள்களில் ஒரு பக்கம் ஒழுங்காகவும் மறுபக்கம் சொரசொரப்பாகவும் இருக்கும்.

உறை பிரிக்கக் கூடாது என்றால் ஒன்றே ஒன்று வாங்கி வந்து பாருங்கள். பிடித்திருந்தால் மறுநாளே போய் இன்னும் நாலு எடுத்துவிடுங்கள், ஆறு மாதம் கழித்துப் போகாதீர்கள். நான் அப்படித்தான் மாட்டினேன். ஒரு சாதாரணப் பள்ளி நோட்டு அற்புதமாக அமைந்தது, அது தீர்ந்ததும் அதே அட்டை, அதே படம், அதே கோடு என்று மொத்தமாக ஒரு டஜன் வாங்கினேன். முதல் பக்கத்தின் முதல் வரியிலேயே கம்பளிப்பூச்சி. நடுவில் தாளை மாற்றிவிட்டார்கள், அட்டையை மட்டும் மாற்றவில்லை. அந்த டஜன் இன்னும் கணக்கு எழுதத்தான் பயன்படுகிறது, பென்சிலில்.

கரும்புச் சக்கையில் செய்த தாள் என்று போட்டிருந்தால் ஒருமுறை எடுத்துப் பாருங்கள், மலிவு நோட்டுகளில் எனக்கு அதிகம் கைகொடுத்தது அந்த வகைதான். மறுசுழற்சித் தாள் எனக்கு அவ்வளவு ராசியில்லை. மறுபடி மறுபடி கூழாக்கும்போது நார் குட்டையாகிவிடும், மை பரவ வாய்ப்பு கூடும். எல்லாம் அப்படி என்று சொல்ல மாட்டேன்.

இன்னொரு வழியும் உண்டு, ஏனோ பலருக்குத் தோன்றுவதில்லை. லேசர் பிரிண்டருக்கு விற்கும் வழவழப்பான 90 அல்லது 100 ஜிஎஸ்எம் தாள் கட்டு ஒன்றை வாங்கி, பாதியாக வெட்டி ஸ்பைரல் போட்டுக்கொள்ளலாம். கோடு இருக்காது. அடியில் கறுப்புக் கோடு போட்ட தாளை வைத்து எழுதப் பழகிக்கொண்டால் ஆயிற்று.

கேள்வி: என்னிடம் ஏற்கெனவே பத்துப் பதினைந்து மோசமான நோட்டுகள் இருக்கின்றன. தூக்கிப் போடவா?

பதில்: ஐயோ, வேண்டாம். பேனாவையும் மையையும் மாற்றிப் பாருங்கள். மீடியம் நிப்பில் ஊறுகிற தாள் ஃபைனில் ஊறாமல் போகலாம். ஜப்பானிய ஃபைன் பொதுவாக ஐரோப்பிய ஃபைனைவிட மெல்லிசு, மோசமான தாளுக்கு அதுதான் வரப்பிரசாதம். மை கொட்டோ கொட்டென்று கொட்டுகிற பேனாவை இந்த நோட்டுப் பக்கமே கொண்டுபோகாதீர்கள்.

மையில் அயர்ன் கால் என்று ஒரு பழைய வகை உண்டு, இரும்பு உப்பு கலந்தது. எழுதும்போது வெளிறி இருக்கும், காற்றுப் பட்டுக் கொஞ்ச நேரத்தில் கறுக்கும். மட்டமான தாளில்கூட இது பெரும்பாலும் நறுக்கென்று நிற்கும். அமிலத்தன்மை உள்ளது, அதனால் பேனாவில் மாதக்கணக்கில் போட்டு மறந்துவிடாமல் அவ்வப்போது கழுவ வேண்டும். மை மாற்றுகிற ஆசையில் ஓவியர்கள் தொட்டு எழுதும் இந்தியன் இங்க்கை மட்டும் ஊற்றிவிடாதீர்கள், உள்ளே காய்ந்து பேனா போய்விடும்.

கேள்வி: பக்கத்தின் மேல்பாதியில் நன்றாக எழுதுகிற பேனா கீழே வரவர விட்டு விட்டு எழுதுகிறது. பேனா பழுதா?

பதில்: உங்கள் உள்ளங்கைதான் காரணமாக இருக்கும். கையின் எண்ணெய்ப் பசை தாளில் ஏறிய இடத்தில் மை ஒட்டாது. கைக்கு அடியில் ஒரு துண்டுத் தாளை வைத்துக்கொண்டு எழுதிப் பாருங்கள். அப்போதும் விட்டால் பேனாவைக் கழுவலாம்.

கேள்வி: நான் இடதுகைக்காரி. நல்ல தாள் என்று எல்லோரும் சொல்கிற நோட்டில் எழுதினால் கையெல்லாம் மை.

பதில்: நல்ல தாள் மையை உள்ளே விடாது, அதனால் மேலேயே நின்று மெதுவாகக் காயும். டோமோய் ரிவரில் எழுதிவிட்டு நான் வலதுகைக்காரனாக இருந்தும் பக்கத்தைத் திருப்பக் காத்திருப்பேன். உங்களுக்கு எல்லோரும் ஒதுக்குகிற, கொஞ்சம் உறிஞ்சுகிற மலிவு நோட்டுதான் பொருத்தம். மெல்லிய நிப் போட்டு அதில் எழுதுங்கள், ஒரு வரி எழுதிவிட்டு பத்து எண்ணி விரலால் தேயுங்கள். இழுகவில்லை என்றால் அதுதான் உங்கள் நோட்டு.