காரணம் எழுதும் இடம் மட்டும் காலி

அன்புள்ள மேடம்,

நான் நுண்ணுயிரியல் முதலாண்டு படிக்கிறேன். இரண்டாவது செமஸ்டர் நடக்கிறது. வீட்டை விட்டு ஹாஸ்டலில் தங்குவது இதுதான் முதல்முறை. சேர்ந்த நாளிலிருந்து இந்தக் கல்லூரியில் மனசு ஒட்டவே இல்லை.

அறையில் இருக்கும் மற்ற இருவரும் ஒரே பள்ளியில் படித்தவர்கள். என்மேல் அவர்களுக்குக் கோபம் ஒன்றும் கிடையாது. ஆனால் எங்காவது கிளம்பும்போது "நீயும் வர்றியா?" என்று கேட்கத் தோன்றுவதில்லை. மெஸ்ஸில் தனியாக உட்கார்ந்து சாப்பிடக் கூச்சமாக இருக்கும் என்பதால் போனைக் காதில் வைத்துக்கொண்டு, யாரிடமோ பேசுவதுபோல "ம்... ம்..." என்று சொல்லிக்கொண்டே சாப்பிடுவேன். ஒருநாள் அப்படிப் பேசிக்கொண்டிருக்கும்போதே போன் அடித்துவிட்டது. எதிரில் இருந்த பெண் நிமிர்ந்து பார்த்தாள். அன்றிலிருந்து கூட்டம் கலைந்த பிறகுதான் சாப்பிடப் போகிறேன். வெள்ளிக்கிழமை வகுப்பு முடிந்ததும் வீட்டுக்கு ஓடிவிடுவேன். திங்கள் காலைதான் திரும்புவேன்.

படிப்பில் குறை இல்லை. போன மாதம் லேபில், கிருமிகளை வளர்க்கும் அகார் தட்டில், கிருமி தொட்ட கம்பி வளையத்தால் கோடு இழுக்கக் கற்றுக்கொடுத்தார்கள். மறுநாள் போய்ப் பார்த்தால், முதல் கோட்டில் மாவு அப்பியதுபோல் இருந்தது. கடைசிக் கோட்டில் மட்டும் குண்டூசித் தலை அளவில் தனித்தனியாகப் புள்ளிகள். அன்று மணி போனதே தெரியவில்லை.

என் பள்ளித் தோழி வேறு ஒரு கல்லூரியில் வணிகவியல் படிக்கிறாள். "இங்க வந்துடுடி" என்கிறாள். அவள் போடும் போட்டோக்களைப் பார்த்தால் அழுகை வருகிறது. அப்பா, "ஒரு வருஷம் வீணாப் போயிடும், பல்லைக் கடிச்சுக்கிட்டு முடி" என்கிறார். அம்மா, "பிடிக்கலேன்னா வந்துடு" என்கிறார். மாறுதல் விண்ணப்பம் வாங்கி எல்லாவற்றையும் நிரப்பிவிட்டேன். 'மாறுவதற்கான காரணம்' என்று இரண்டு வரி விட்டிருக்கிறார்கள். மூன்று நாளாக அது மட்டும் காலியாக இருக்கிறது. கடைசித் தேதிக்கு இன்னும் இரண்டு மாதம் இருக்கிறது. நான் என்ன செய்யட்டும்?

- பெயர் வெளியிட விரும்பாத வாசகி

அன்பு மகளுக்கு,

அந்தப் போன் அடித்த நொடியை நினைத்துப் பார்த்தேன். எப்படிக் கூனிக் குறுகிப் போயிருப்பாய்! அதை மறைக்காமல் எழுதினாயே, அதற்குத் துணிச்சல் வேண்டும்.

முதலில் ஒன்றைக் கேட்டுவிடுகிறேன். அங்கே யாராவது உன்னை மிரட்டுகிறார்களா? ராகிங், அத்துமீறல் என்று ஏதாவது நடக்கிறதா? அப்படி இருந்தால் இனி நான் எழுதப்போவது எதுவும் உனக்கல்ல. உடனே வீட்டில் சொல், புகார் கொடு, வெளியே வா. காரணத்தை அலசிக்கொண்டிருக்க வேண்டாம். இன்னொன்று, கூட்டம் கலையட்டும் என்று காத்திருந்து சாப்பிடாமலே படுத்துவிடுகிற நாட்கள் உண்டா? தூக்கம் கெட்டு, எதிலும் பிடிப்பில்லாமல் இரண்டு வாரத்துக்கு மேல் போனால் மனநல ஆலோசகர் ஒருவரை நேரில் பார்த்துவிடு. கடிதம் அதற்குப் போதாது.

அப்படியெல்லாம் இல்லை என்றால் மேலே படி.

மாணவர்கள் ஏன் கல்லூரியை விட்டுப் போகிறார்கள் என்பதை வின்சென்ட் டின்டோ என்ற ஆய்வாளர் 1975-இல் விளக்கினார். கல்லூரியோடு ஒருவர் ஒட்டுவது இரண்டு இடங்களில் நடக்கிறது என்றார். ஒன்று படிப்பு, மற்றது மனிதர்கள். ஒன்றில் வேர் பிடித்து மற்றதில் பிடிக்காமல் போகலாம். உன் கடிதத்தில் இரண்டும் தெளிவாகப் பிரிந்து கிடக்கின்றன. அந்தப் புள்ளிகளைப் பற்றி எழுதிய பெண்ணுக்குப் படிப்பு ஒட்டிவிட்டது. ஒட்டாதது மெஸ்ஸும் அறையும்தான். 'கல்லூரியே பிடிக்கவில்லை' என்று மொத்தமாகச் சொல்லிப் பழகியதால்தான், காரணம் எழுத வந்தபோது உனக்கு எதுவும் எழுத வரவில்லை என்று நினைக்கிறேன்.

இப்போது வெள்ளிக்கிழமைக்கு வருகிறேன். இதில்தான் எனக்குக் கவலை. ஜெஃப்ரி ஹால் என்பவர் 2018-இல் வெளியிட்ட ஆய்வில், அறிமுகமான ஒருவர் ஓரளவு நண்பராவதற்குச் சுமார் 50 மணி நேரம் சேர்ந்திருக்க வேண்டும் என்றும், நெருங்கிய நண்பராக 200 மணி நேரத்துக்கு மேல் ஆகும் என்றும் கண்டார். வகுப்பிலும் வேலையிலும் பக்கத்தில் இருக்கும் நேரம் இதில் அவ்வளவாக உதவுவதில்லை. சும்மா உட்கார்ந்து பேசும் நேரம், ஒன்றாக ஊர் சுற்றும் நேரம்தான் உதவுகிறது. அந்த நேரமெல்லாம் சனி, ஞாயிறில் இருக்கிறது. நீயோ அந்த இரண்டு நாளும் அங்கே இல்லை. உன்னைக் குறை சொல்லவில்லை. வலிக்கிற இடத்தை விட்டு ஓடத்தான் யாருக்கும் தோன்றும். ஆனால் அறைத்தோழிகள் உன்னைக் கூப்பிடாததற்கு, நீ வீட்டுக்குப் போகிறவள் என்று அவர்கள் பழகிவிட்டதும் காரணமாக இருக்கலாம் அல்லவா?

புதுக் கல்லூரிக்குப் போனாலும் இந்த மணிக்கணக்கை முதலிலிருந்துதான் தொடங்க வேண்டும். அதுவும் எல்லோரும் கூட்டம் சேர்ந்து முடித்த இரண்டாம் ஆண்டில். தோழி இருக்கிறாளே என்பாய். அவள் வணிகவியல், நீ நுண்ணுயிரியல். உன் வகுப்பில் அவள் இருக்கமாட்டாள். அவள் போட்டோவில் சிரிப்பவர்கள் அவளுடைய நண்பர்கள். தைரியமாக அவளிடம் கேள்: "சாதாரண புதன்கிழமை சாயங்காலம் நீ என்ன பண்ணுவே? நான் வந்தா அதுல நான் எங்கே இருப்பேன்?" அவள் சொல்லும் பதிலுக்கு முன்னால் கொஞ்சம் யோசிக்கிறாளா என்றும் கவனி.

கல்லூரி மாறியவர்களுக்கு முதல் செமஸ்டரில் மதிப்பெண் சறுக்குவதை ஜான் ஹில்ஸ் 1965-லேயே 'மாறுதல் அதிர்ச்சி' என்று எழுதினார். பெரும்பாலோர் பிறகு மீண்டுவிடுகிறார்கள், பயப்பட வேண்டியதில்லை. ஆனால் இப்போது உன்னைத் தாங்குவது படிப்பு ஒன்றுதான், அதுவும் சில மாதம் ஆடும். அதற்குத் தயாரா என்று பார்த்துக்கொள்.

அப்பா சொல்வதை நான் ஏற்கவில்லை. ஒரு வருடம் போட்டுவிட்டோம் என்பதற்காக இன்னும் இரண்டு வருடத்தைப் போடுவது சரியான கணக்கு அல்ல. போனது போனதுதான், இனி வருவதை வைத்துத்தான் முடிவெடுக்க வேண்டும். அம்மா சொல்வது அன்பினால். ஆனால் 'வந்துடு' என்பது எங்கே போவது என்பதற்குப் பதிலாகாது.

அதனால் விண்ணப்பத்தைக் கிழிக்காதே, கொடுத்தும் விடாதே. இரண்டு மாதம் கையில் இருக்கிறது. அதில் ஆறு வாரத்துக்கு வீட்டுக்குப் போவதைப் பதினைந்து நாளுக்கு ஒருமுறை ஆக்கு. அம்மாவிடம் முன்பே சொல்லிவிடு, இல்லையென்றால் தவித்துப் போவார். அறைத்தோழிகள் தானாகக் கூப்பிடட்டும் என்று காத்திருக்காமல், "நானும் வரட்டுமா?" என்று நீயே கேள். லேபில் உன் பக்கத்து மேசையில் நிற்கிறவளிடம், "சாப்பிடப் போலாமா?" என்று கேட்பது இன்னும் சுலபம். உங்களுக்குப் பேச அந்த அகார் தட்டு இருக்கிறதே! முதல் தடவை குரல் நடுங்கும். நடுங்கட்டும்.

இதே ஆறு வாரத்தில் அந்தக் கல்லூரியையும் நேரில் போய்ப் பார். வார நாளில் போ. அனுமதி கிடைத்தால் ஒரு வகுப்பில் உட்கார். நுண்ணுயிரியல் லேபைக் காட்டச் சொல். மாணவர்கள் தாங்களே செய்கிறார்களா, செய்வதைப் பார்க்க மட்டும்தான் முடிகிறதா என்று அங்கே படிக்கிறவர்களிடம் கேள். (இங்குள்ள லேபைப் பற்றி அத்தனை ஆசையாக எழுதிய நீ, போகப்போகும் இடத்தின் லேபைப் பற்றி ஒரு சொல்கூட எழுதவில்லை.) இதுவரை எடுத்த கிரெடிட்டுகளில் எத்தனையை ஏற்பார்கள், மறுபடி முதலாண்டில் உட்கார வேண்டுமா, ஹாஸ்டலில் இடம் உண்டா என்பதை அலுவலகத்தில் எழுத்தில் வாங்கு. வாய்வார்த்தையை நம்பி இங்கே டி.சி. வாங்கிவிடாதே.

ஆறு வாரம் உண்மையாக முயன்றும் மூச்சு முட்டுகிறது, அங்கே படிப்பும் நன்றாக இருக்கிறது என்றால் கிளம்பு. அது ஓடிப்போவது ஆகாது. அப்பாவிடம் நான் சொன்னதாகவே சொல்.

கடைசித் தேதிக்கு ஒரு வாரம் முன்னால் எனக்கு எழுது. அந்த இரண்டு வரியில் என்ன எழுதினாய் என்று மட்டும் சொன்னால் போதும்.