ஏவிஎன் என்று எழுதினால் மட்டும் போதுமா?

வாசகர் கேள்வி, மருத்துவப் பதிவுக் குழுவின் பதில்

இந்த மாதம் மலேசியாவின் சுங்கை சிப்புட்டிலிருந்து வந்த மூன்று கடிதங்களும் ஒரே நோயைப் பற்றியவை. தொடை எலும்பின் தலைக்கு இரத்த ஓட்டம் நின்று எலும்புத் திசு செத்துப்போகிறது. நோயாளியின் அட்டையில் டாக்டர்கள் மூன்றே எழுத்தில் ஏவிஎன் (அவாஸ்குலர் நெக்ரோசிஸ்) என்று முடித்துவிடுவார்கள்.

கேள்வி: மருத்துவமனை ரெக்கார்டு அறையில் புதிதாகச் சேர்ந்திருக்கிறேன். ‘செகண்டரி ஏவிஎன், வலது இடுப்பு’ என்று டிஸ்சார்ஜ் சம்மரியில் இருந்தது. நோய்க்கான குறியீட்டு எண்ணை இணையத்தில் தேடி எம்87.351 என்று போட்டேன். தவறு என்று திருப்பிவிட்டார்கள். எங்கே பிசகு?

பதில்: நீங்கள் எடுத்தது அமெரிக்கப் பட்டியலின் எண். அங்கே ஆறாவது இடத்தில் 1 போட்டால் வலது, 2 போட்டால் இடது. நம் அரசு மருத்துவமனைகளில் இருப்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் நோய் வகைப்பாட்டுப் பட்டியலான ஐசிடி-10. அதில் எம்87.3 என்பது ‘வேறு இரண்டாம் நிலை எலும்புத் திசு இறப்பு’. ஐந்தாவது இடம் உடற்பகுதிக்கு. இடுப்புக்கும் தொடைக்கும் 5. ஆக, எம்87.35. வலதா இடதா என்பது எண்ணில் வராது, எழுத்தில்தான் இருக்க வேண்டும்.

ஆனால் எண்ணை மாற்றியதோடு வேலை முடியவில்லை. ‘செகண்டரி’ என்றால் எதனால் என்ற கேள்வி உடனே வருகிறது. மருந்தால் வந்தது என்றால் எம்87.1. பழைய அடியால் என்றால் எம்87.2. அரிவாள் செல் நோய் போன்ற இரத்தக் கோளாறால் என்றால் எம்90.4, இது நட்சத்திரக் குறி போட்ட எண், தனியாக நிற்காது. இரத்த நோயின் எண்தான் குத்துவாள் குறியோடு முதலில் வரும், எம்90.4 அதன் பின்னால். இவை எதிலும் சேராத காரணத்தை டாக்டர் எழுதியிருந்தால்தான் எம்87.3. நீண்டகால மதுப்பழக்கத்தால் வருவது இங்கே சேரும். குடியைப் பற்றிய குறிப்புக்குத் தனி எண்ணும் உண்டு.

வெறும் ஏவிஎன் என்று மட்டும் இருந்தால் எம்87.9. பலர் இங்கே எம்87.0 போட்டுவிடுகிறார்கள். அது காரணம் தேடியும் அகப்படவில்லை என்று டாக்டரே எழுதிய நோயாளிக்கு மட்டும். காரணம் எழுதப்படவில்லை என்பதும் காரணம் இல்லை என்பதும் ஒன்றல்ல. பத்து வயதுப் பையனின் பெர்த்தெஸ் நோயை (சிறுவர்களுக்குத் தொடை எலும்புத் தலையில் இரத்த ஓட்டம் குறைந்து வருவது) இந்தப் பக்கமே கொண்டு வராதீர்கள், அது எம்91.1. கிருமித் தொற்றால் எலும்பு செத்திருந்தால் எம்86.

டாக்டரிடம் எப்படிக் கேட்பது என்று தயங்க வேண்டாம். ‘ஸ்டீராய்டால்தானே டாக்டர்?’ என்று பதிலை வாயில் ஊட்டாமல், ‘செகண்டரி என்று எழுதியிருக்கிறீர்கள், எதனால் என்று குறிப்பிட முடியுமா?’ என்று கேளுங்கள். வரும் பதிலை அவரே கேஸ் நோட்டில் எழுதி, தேதி போட்டுக் கையெழுத்திட வேண்டும். வாயால் சொன்னதை நம்பி எண் போட்டால், தணிக்கை வரும் நாளில் காட்ட ஒன்றும் இருக்காது.

கேள்வி: அம்மா மூட்டு வலிக்கு இரவுச் சந்தையில் வாங்கிய மாத்திரையை மூன்று வருடமாகச் சாப்பிட்டார். இப்போது இரண்டு இடுப்பிலும் ஏவிஎன். அட்டையில் ‘ஸ்டீராய்டு’ என்று எழுதிப் பக்கத்தில் கேள்விக்குறி இருக்கிறது. அதற்கு என்ன அர்த்தம்?

பதில்: டாக்டருக்குச் சந்தேகம் இருக்கிறது, சான்று கையில் இல்லை என்று அர்த்தம். அந்தக் குறியை எடுப்பது உங்கள் கையிலும் கொஞ்சம் இருக்கிறது. மிச்சமிருக்கும் மாத்திரை, பாட்டில், உறை எல்லாவற்றையும் அடுத்த முறை கொண்டுபோங்கள். பதிவு பெற்ற மருந்தில் எம்ஏஎல் என்று தொடங்கும் எண்ணும் ஹோலோகிராம் ஸ்டிக்கரும் இருக்கும். பதிவில்லாத வலி மாத்திரைகளில் டெக்சாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு கலந்திருந்ததைச் சுகாதார அமைச்சு பலமுறை அறிவித்திருக்கிறது. எத்தனை மாதம், ஒரு நாளைக்கு எத்தனை, முகம் உப்பியதா, சர்க்கரை ஏறியதா என்பதைத் தாளில் எழுதிக் கொடுங்கள். மாத்திரையை மட்டும் நீங்களாக ஒரேயடியாக நிறுத்திவிடாதீர்கள். நீண்ட நாள் ஸ்டீராய்டு உள்ளே போயிருந்தால் திடீர் நிறுத்தம் உயிருக்கே ஆபத்து. டாக்டர் படிப்படியாகத்தான் குறைப்பார்.

பதிவறையில் இருப்பவர்களுக்கு ஒரு சொல்: டாக்டர் முறையாகக் கொடுத்த ஸ்டீராய்டின் பக்கவிளைவு என்றால்தான் எம்87.1-உடன் ஒய்42.0 சேரும். சந்தை மாத்திரைக்கு அந்த எண்ணைக் கண்ணை மூடிக்கொண்டு ஒட்ட முடியாது.

கேள்வி: செம்பனைத் தோட்டத்தில் வேலை செய்யும் அப்பா இரண்டு வருடத்துக்கு முன் வேலைக்குப் போகும்போது மோட்டார் சைக்கிளில் விழுந்து தொடை எலும்பின் கழுத்து முறிந்தது. ஸ்க்ரூ போட்டார்கள். இப்போது நொண்டுகிறார். கடிதத்தில் ‘ஏவிஎன், இடது இடுப்பு’ என்று மட்டும் இருக்கிறது. தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு நிறுவனமான சொக்சோவுக்கு இது போதுமா?

பதில்: போதாது. வேலைக்குப் போகும் வழியில் நடந்த விபத்தும் சொக்சோவில் வேலை விபத்தாகவே கருதப்படும். ஆனால் இன்றைய இடுப்பு வலியை அன்றைய விபத்தோடு கட்டும் கயிறு அந்தக் கடிதத்தில் இல்லை. கழுத்து முறியும்போது எலும்புத் தலைக்குப் போகும் இரத்தக் குழாய்கள் அறுந்துவிடலாம். எலும்பு ஒட்டிய பிறகும் தலை மெல்லச் சாகும். ஓரிரு வருடம் கழித்து வெளிப்படுவது வழக்கம்தான். ஆகவே ‘இந்தத் தேதியில் நடந்த விபத்தில் ஏற்பட்ட இடது தொடை எலும்புக் கழுத்து முறிவின் விளைவாக’ என்ற வரியைக் கேட்டு வாங்குங்கள். அது வந்தால் எண் எம்87.25 ஆகும், கூடவே முறிவின் பின்விளைவுக்கு டி93.1 (ஆங்கில T), மோட்டார் விபத்தின் பின்விளைவுக்கு ஒய்85.0. பழைய முறிவைப் புதியதுபோல எஸ்72.0 என்று போடுவது அடிக்கடி நடக்கும் தவறு.

எந்த நிலை என்பதையும் எழுதச் சொல்லுங்கள். முதல் நிலையில் எக்ஸ்ரே சுத்தமாக இருக்கும், எம்ஆர்ஐ-யில்தான் தெரியும். எலும்புத் தலையின் குருத்தெலும்புக்குக் கீழே மெல்லிய பிறைக்கோடு தெரிந்தால் தலை அமுங்கத் தொடங்கிவிட்டது என்று பொருள். எண் இதைச் சொல்லாது, ஆனால் சொக்சோவின் மருத்துவக் குழு பார்ப்பது இதைத்தான். எவ்வளவு தூரம் நடக்க முடிகிறது, குந்த முடிகிறதா, குலை வெட்டும் கம்பைத் தூக்க முடிகிறதா என்பதும் கடிதத்தில் வரட்டும்.

அறுவை நடந்தது ஓரிடம், இப்போது பார்ப்பது வேறிடம் என்றால் பழைய அறுவைக் குறிப்பின் நகலை முதலில் எடுத்துவிடுங்கள். கடிதத்தில் இடது என்றும் எக்ஸ்ரே உறையில் வலது என்றும் இருந்தால், கவுண்டரை விட்டு நகருமுன் திருத்தி வாங்குங்கள்.