1899-இன் 12–0 இன்றைய 12–0 அல்ல

கேள்வி: என் மகள் அமெரிக்காவின் டென்னசி மாநிலத்தில் படிக்கிறாள். அங்குள்ள சுவானி கல்லூரி அணி 1899-இல் ஆடிய ஃபுட்பால் சீசனைப் பற்றி வகுப்பில் கட்டுரை எழுதச் சொல்லியிருக்கிறார்கள். 12–0, 10–0, 5–0 என்ற ஸ்கோர்கள் இன்றைய கணக்கோடு ஒத்துப்போகவில்லை என்கிறாள். எல்லாவற்றையும் இன்றைய புள்ளிகளுக்கு மாற்றி எழுதிவிடலாமா? "ஆறு நாளில் ஐந்து வெற்றி" என்பதை நம்பலாமா?

பதில்: மாற்றவே வேண்டாம். மாற்றவும் முடியாது. ஏன் என்று சொல்கிறேன்.

இன்று ஒரு டச் டவுனுக்கு (பந்தை எதிரணியின் கோல் கோட்டுக்கு அப்பால் கொண்டுபோவது) 6 புள்ளி, ஃபீல்டு கோலுக்கு (பந்தைக் கோல் கம்பங்களுக்கு நடுவே உதைப்பது) 3. 1899-இல் இரண்டுக்குமே 5 புள்ளிதான். டச் டவுனுக்குப் பின் உதைக்கும் கூடுதல் கோலுக்கு 1, சேஃப்டிக்கு (பந்து வைத்திருக்கும் எதிரணி வீரரை அவர்களுடைய கோல் கோட்டுக்குப் பின்னாலேயே மடக்குவது) 2. டச் டவுன் 6 ஆனது 1912-இல்தான். அதனால் வட கரோலினாவுடன் ஆடிய ஆட்டத்தின் 5–0 என்ற ஸ்கோரை மட்டும் பார்த்தால், அது ஒரு டச் டவுனா ஃபீல்டு கோலா என்று தெரியாது. முதலாவது என்றால் இன்றைய கணக்கில் 6, இரண்டாவது என்றால் 3. ஸ்கோரை வைத்து ஊகிக்காமல் அந்த வாரத்துப் பத்திரிகைச் செய்தியைத் தேடிப் படிக்கச் சொல்லுங்கள்.

கூடுதல் கோல் அன்று இவ்வளவு எளிதல்ல. பந்தை எந்த இடத்தில் கோட்டுக்கு அப்பால் வைத்தார்களோ, வழக்கமாக அதற்கு நேராகப் பின்னால் வந்துதான் உதைப்பார்கள். மைதானத்தின் ஓரத்தில் வைத்திருந்தால் கோணம் மிகக் கடினம். ஆபர்னுடன் ஆடியது 11–10 என்று முடிந்ததைப் பாருங்கள். அந்த ஒரு புள்ளிதான் முழு சீசனையும் காப்பாற்றியது. பன்னிரண்டு ஆட்டங்களில் சுவானிக்கு எதிராகப் புள்ளி எடுத்த ஒரே அணி ஆபர்ன். மொத்தம் 322–10.

ஆறு நாள் கதை உண்மை. தேதிகளையும் எதிர்த்து ஆடிய கல்லூரி அணிகளையும் வரிசையாகப் போட்டாலே தெரியும். நவம்பர் 9 ஆஸ்டினில் டெக்சாஸ், 12–0. மறுநாள் ஹூஸ்டனில் டெக்சாஸ் ஏ அண்டு எம், 10–0. 11-ஆம் தேதி நியூ ஆர்லியன்ஸில் டுலேன், 23–0. ஞாயிறு ஓய்வு. 13-ஆம் தேதி பேட்டன் ரூஜில் எல்.எஸ்.யு. (லூசியானா மாநிலப் பல்கலைக்கழகம்), 34–0. 14-ஆம் தேதி மெம்ஃபிஸில் மிசிசிப்பி, 12–0. ஐந்திலும் எதிரணிக்கு ஒரு புள்ளிகூட இல்லை. ஊர் விட்டு ஊர் ரயிலில்தான் போனார்கள். போக வர ஏறத்தாழ 4,000 கிலோமீட்டர்.

இந்த ஆறு நாளின் கனம் புரிய வேண்டுமானால் அன்றைய ஆட்டம் எப்படி இருந்தது என்று ஒரு பத்தியாவது எழுத வேண்டும். பந்தை முன்னோக்கி எறிவதற்கே அனுமதி இல்லை, அது 1906-இல்தான் வந்தது. மூன்று முயற்சிக்குள் 5 கெஜம் முன்னேற வேண்டும். எனவே பெரும்பாலும் கூட்டமாக மோதித் தள்ளித்தான் போவார்கள். தாக்குவதும் தடுப்பதும் அதே பதினொரு பேர். வெளியே போனவர் திரும்ப வர முடியாது. அப்படி ஓர் ஆட்டம் முடிந்து, அடிபட்ட உடம்போடு ரயிலேறி, மறுநாள் இன்னொரு அணியைச் சந்தித்திருக்கிறார்கள். இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மலைப்புதான்.

ஏன் இந்த அவசரம் என்ற கேள்வியையும் உங்கள் மகள் விட்டுவிடக் கூடாது. காரணம் பணம். வழக்கமாக நல்ல வசூல் தரும், வாண்டர்பில்ட் பல்கலைக்கழகத்துடனான ஆட்டம், டிக்கெட் வருமானத்தைப் பங்கிடுவதில் எழுந்த தகராறால் அந்த ஆண்டு நடக்கவில்லை. அதை ஈடுகட்ட மாணவ மேலாளர் லூக் லீ இந்தப் பயணத்தை ஏற்பாடு செய்தார். பின்னாளில் அமெரிக்க செனட்டர் ஆனவர் இவர். பயிற்சியாளர் பில்லி சூட்டரைப் பற்றி எல்லோரும் எழுதுவார்கள். லீயைப் பற்றி இரண்டு பத்தி எழுதினால் கட்டுரைக்குத் தனி முகம் கிடைக்கும்.

கடைசியாக ஒன்று. தமிழில் உங்களுக்கு விளக்கும்போது அவள் "கால்பந்து" என்று சொன்னால் நம் ஊர் ஆட்டம்தான் நினைவுக்கு வரும். "அமெரிக்கன் ஃபுட்பால்" என்றே சொல்லட்டும். கட்டுரையில் ஸ்கோர் பட்டியலுக்கு மேலேயே "1899 விதிப்படி: டச் டவுன் 5, ஃபீல்டு கோல் 5, கூடுதல் கோல் 1, சேஃப்டி 2" என்று ஒரு வரி போடட்டும்.