படிக்கவும் வேலைக்கும் அடிலெய்டு சரியாக வருமா?

சிட்னி, மெல்போர்ன் செலவு கட்டுப்படியாகாது, தெற்கு ஆஸ்திரேலியாவின் தலைநகரான அடிலெய்டில் ஐடி முதுகலை படித்தால் வேலையும் பிஆரும் (நிரந்தரமாகத் தங்கும் உரிமை) சுலபமா என்று கேட்டிருக்கிறீர்கள். வீட்டுப் பத்திரத்தை வைத்துத்தான் கடன் வாங்குவீர்கள் என்று நினைக்கிறேன். எங்கள் வீட்டிலும் அப்படித்தான். அதனால் நேராகச் சொல்கிறேன்: விசாவுக்குக் கிடைக்கும் பாயிண்டை மட்டும் நம்பி அடிலெய்டுக்கு வராதீர்கள்.

பாயிண்ட் கணக்கு பொய்யில்லை. அடிலெய்டு உட்பட மாநிலம் முழுவதுமே விசா கணக்கில் ரீஜனல் பகுதி, அதாவது சிட்னி, மெல்போர்ன் மாதிரிப் பெருநகரங்களில் சேராதது. மாநில அரசின் பரிந்துரை (நாமினேஷன்) கிடைத்தால் 491 என்ற ரீஜனல் விசாவுக்கு 15 பாயிண்ட் கூடும். ஆனால் அது 5 வருடத் தற்காலிக விசா. அதில் 3 வருடமாவது இருந்த பிறகுதான் 191 என்ற நிரந்தர விசாவுக்குப் போக முடியும். ஏஜென்ட் முதல் பாதியோடு நிறுத்திவிடுவார்.

அவர் சொல்லாத இன்னொன்று, இங்கே நல்ல டெக் வேலைகளில் கணிசமானவை பாதுகாப்புத் துறையைச் சுற்றியே இருக்கின்றன. ஆஸ்போர்னில் கப்பல் கட்டும் தளம், எடின்பரோவில் விமானப்படைத் தளம், அவற்றை நம்பி நடக்கும் கம்பெனிகள். அடிலெய்டின் மாசன் லேக்ஸ் பகுதியில் படித்தபோது வேலை விளம்பரங்களைத் தேடித் தேடிப் பார்ப்பேன். தகுதி எல்லாம் பொருந்தும், கடைசி வரியில் ஆஸ்திரேலியக் குடியுரிமை அவசியம் என்று இருக்கும்.

அப்போது எனக்குச் சோறு போட்டது முதியோர் இல்லத்து வேலை. வகுப்பு நடக்கும்போது இரண்டு வாரத்துக்கு 48 மணி நேரம்தான் வேலை செய்யலாம், வாடகைக்கும் சாப்பாட்டுக்கும் அது போதும், ஃபீஸ் கட்ட முடியாது. குளிக்க வைத்தது, மருந்து கொடுத்தது, யாராவது விழுந்தது என எல்லாவற்றையும் அங்கே கணினியில் பதிய வேண்டும். நர்ஸ்கள் அந்தத் திரையில் எங்கே திணறுகிறார்கள் என்று ஒவ்வொரு ஷிஃப்டிலும் பார்த்தேன். படிப்பு முடிந்ததும் அதே மாதிரி மென்பொருள் செய்யும் ஒரு சின்னக் கம்பெனியில் இண்டர்வியூ. பெரும்பாலும் அதைப் பற்றியே பேசினேன், வேலை கிடைத்தது. இன்றும் அங்கேதான் இருக்கிறேன். படித்து முடித்த கையோடு கோடிங் வேலை கிடைத்தவர்களும் உண்டு, இல்லையென்று சொல்லவில்லை. நான் என் கதையைத்தான் சொல்ல முடியும்.

கேட்காததையும் சொல்லிவிடுகிறேன், மனசு ஆறவில்லை. ஊரில் ஒரு கல்யாணப் பந்தியில் என் சித்தப்பா, "மாஸ்டர்ஸ் படிக்கப் போனவ வெள்ளைக்காரக் கிழவிக்கு பேம்பர்ஸ் மாத்துறாளாம்" என்று நாலு பேர் கேட்கச் சொன்னார். அம்மா பாதி இலையில் எழுந்து வந்துவிட்டார். அந்தச் சித்தப்பாவைப் பெற்ற என் தாத்தா படுத்த படுக்கையாகக் கிடந்தபோது, பீ மூத்திரம் அள்ளியது மருமகளான என் அம்மாதான். அன்றைக்குச் சித்தப்பா அந்த அறைப் பக்கமே வந்ததில்லை. இந்த வேலையைக் கேவலம் என்பவர்களிடம் எனக்கு இனிப் பேச்சில்லை.

சரி, ஊரைப் பற்றி. டிராம் ஏறினால் கிளெனெல்க் கடற்கரை, ஓக்லண்ட்ஸ் பார்க்கில் பிள்ளையார் கோயில். கோடையில் 40 டிகிரி தாண்டும், ஆனால் நம் ஊர்ப் புழுக்கம் கிடையாது. எனக்குப் பிடித்த ஊர்.

ஃபீஸ் கட்டுவதற்கு முன் ஒரு வேலை செய்யுங்கள். சீக் (Seek) என்ற வேலைவாய்ப்புத் தளத்தில் அடிலெய்டு என்று போட்டு உங்கள் துறை விளம்பரங்களைத் திறந்து, குடியுரிமை கேட்பதையெல்லாம் தள்ளிவிட்டு, மிச்சம் எத்தனை என்று பாருங்கள். அதை ஏஜென்டிடமும் காட்டிக் கேளுங்கள்.