கண்ணாடி வாங்கியாச்சு, கண் டாக்டரிடமும் போகணுமா?

கேள்வி: எனக்கு 46 வயது. கடலூர் முதுநகரில் தையல் வேலை. ஊசியில் நூல் கோர்க்கச் சிரமமாக இருந்ததால், கண்ணாடிக் கடையிலேயே பவர் பார்த்து வாங்கிவிட்டேன். இப்போது நன்றாகத் தெரிகிறது. மூன்று வருடமாகச் சர்க்கரைக்கு மாத்திரை சாப்பிடுகிறேன். அப்பாவுக்குக் கண் அழுத்த நோய் உண்டு. கண் டாக்டரைப் பார்ப்பது அவசியமா?

பதில்: அவசியம்தான் அம்மா, இந்த மாதமே பாருங்கள். நூல் கோர்க்க முடியாதது வெள்ளெழுத்து. நாற்பதைத் தாண்டினால் எல்லோருக்கும் வருவது, கண்ணாடி போதும். ஆனால் கடையில் பார்த்தது பவர் மட்டும். விழித்திரையையும் கண் நரம்பையும் அங்கே யாரும் பார்க்கவில்லை.

கண் அழுத்த நோய் பெரும்பாலும் வலிக்காது. பார்வையை ஓரத்திலிருந்து அரித்துக்கொண்டே வரும். நேரே பார்ப்பது வெகுநாள் தெளிவாகவே இருக்கும். கண்ணில் மண் விழுந்துவிட்டதென்று தேவனாம்பட்டினத்து மீனவர் ஒருவர் வந்தார். வலக்கண்ணைக் கையால் மூடச் சொன்னேன். "டாக்டர், செவுத்துல இருந்த காலண்டர் எங்க?" என்றார். இடக்கண்ணின் குறையை அத்தனை நாளும் வலக்கண் மறைத்திருந்தது. போன பார்வை மருந்தாலும் ஆபரேஷனாலும் திரும்பாது, மிச்சத்தைத்தான் காப்பாற்றலாம். அவரிடம் அதைச் சொல்ல எனக்கு நா எழவில்லை.

அப்பாவுக்கு இருப்பதால் உங்களுக்கும் வர வாய்ப்பு அதிகம். கண் அழுத்தம் பொதுவாக 10 முதல் 21 மி.மீ. பாதரசம் வரை இருக்கும். அதற்குள் இருந்தும் நரம்பு கெட்டவர்கள் உண்டு. அளந்ததோடு விடாமல் நரம்பையும் பார்க்கச் சொல்லுங்கள்.

சர்க்கரை விழித்திரையையும் கெடுக்கலாம், அதனால் அது தெரிந்தவுடனேயே விழித்திரையைப் பார்த்திருக்க வேண்டும். பிறகு வருடம் ஒருமுறை. உங்களைக் குறை சொல்லவில்லை, யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள்.

தவளக்குப்பம் அரவிந்த் கண் மருத்துவமனை, புதுச்சேரி ஜிப்மர் மருத்துவமனை, எது வசதியோ அங்கே போங்கள். கண்மணி விரிய சொட்டு மருந்து விடுவார்கள். கொஞ்சம் எரியும், அரைமணி காத்திருக்கணும். அதன்பின் நாலைந்து மணி நேரம் கிட்டப் பார்வை மங்கும், வெயில் கூசும். அன்றைக்கு ஸ்கூட்டர் வேண்டாம், தையலும் வேண்டாம். துணைக்கு ஒருவரோடு பஸ்ஸில் போய் வாருங்கள்.

இன்னொன்று. கண் சிவந்தால் மெடிக்கலில் கேட்டுச் சொட்டு மருந்து வாங்காதீர்கள். சிலவற்றில் ஸ்டீராய்டு இருக்கும். நீண்ட நாள் விட்டால் கண் அழுத்தம் ஏறலாம், கண்புரையும் வரலாம்.

அண்ணன், தம்பி, அக்கா, தங்கை இருந்தால் அவர்களையும் கூட்டிப்போங்கள். அப்பாவின் பழைய சீட்டும், அவர் விடும் சொட்டு மருந்து பாட்டிலும் பையில் இருக்கட்டும்.