மாதச் சம்பளம் இல்லாத மகளுக்கு ஒரு பத்தாயம்

கேள்வி: வணக்கம் மேடம். எனக்கு 26 வயது. வலங்கைமான் பக்கம் ஒரு கிராமம். பி.எஸ்சி. கம்ப்யூட்டர் சயின்ஸ் முடித்துவிட்டு, மூன்று வருடமாக வீட்டிலிருந்தே வெப்சைட், ஆப் டிசைன் செய்து கொடுக்கிறேன். 2025-26 நிதியாண்டில் என் கணக்கில் மொத்தம் 7,68,000 ரூபாய் விழுந்திருக்கிறது. அதில் 2,88,000 சென்னையில் உள்ள ஒரு கம்பெனியிடமிருந்து. அவர்கள் 10 சதவீதம் பிடித்துக்கொண்டுதான் அனுப்புகிறார்கள். மீதி 4,80,000 ஃபைவர் என்ற இணையவழி வேலைத் தளம் மூலமாக வந்தது. அக்டோபரில் மட்டும் 1,42,000 வந்தது, ஜனவரியில் வெறும் 11,000. அதே சென்னை கம்பெனி இன்னும் 85,000 பாக்கி வைத்திருக்கிறது, நாலு மாதமாகிறது. கிரெடிட் கார்டில் 62,000 கடன். மினிமம் மட்டும் கட்டி வருகிறேன். வீட்டுக்கு 12,000, என் செலவு 8,000, நெட், சாஃப்ட்வேர் சந்தா 4,000, லேப்டாப் இ.எம்.ஐ. 4,200. அப்பாவுக்கு மூன்று ஏக்கர் நெல் சாகுபடி. இப்போது சென்னையில் 35,000 சம்பளத்தில் வேலை வந்திருக்கிறது. "மாசாமாசம் வர்ற காசுதான் காசு, போயிடு" என்கிறார் அப்பா. வரன் பார்க்க வருகிறவர்களிடம் நான் என்ன வேலை செய்கிறேன் என்று சொல்லத் தெரியாமல் "கம்ப்யூட்டர்ல ஏதோ பண்ணுது" என்கிறார். பக்கத்துத் தெரு அக்கா நடத்தும் ஏலச்சீட்டில் சேரச் சொல்லி அம்மா வற்புறுத்துகிறார். நான் வேலைக்குப் போய்விடட்டுமா? வருமான வரிக் கணக்கு இதுவரை தாக்கல் செய்ததில்லை.
- பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: உங்கள் கடிதத்தை முதல் தடவை படித்தபோது கடன், பாக்கி, சென்னை என்று உங்கள் பதற்றம்தான் எனக்கும் தொற்றியது. இரண்டாவது தடவை ஒரு தாளில் கூட்டிக் கழித்துக்கொண்டே படித்தேன். 7,68,000-ஐ 12-ஆல் வகுத்தால் மாதம் 64,000. நீங்கள் எழுதிய செலவுகளைக் கூட்டினால் 28,200. கார்டு கடனை விட்டுப் பார்த்தால், சராசரியாக மாதத்துக்கு முப்பத்தைந்தாயிரத்துக்கு மேல் மிச்சமாகியிருக்க வேண்டும். சம்பாத்தியத்தில் உங்களுக்கு ஒரு குறையும் இல்லை. பணம் எந்த மாதம் வரும் என்பதுதான் உங்கள் கையில் இல்லை. அக்டோபரில் வந்தது அக்டோபரிலேயே கரைந்து, ஜனவரியில் கார்டைத் தேய்க்க வேண்டியதாகிவிட்டது. இதற்கு மருந்து சென்னையில் இல்லை.

உங்கள் அப்பாவின் தொழிலும் இதே மாதிரிதான் என்பதை அவருக்கு நினைவுபடுத்துங்கள். ஜூன் 12-ல் மேட்டூர் திறந்தால் குறுவை உண்டு, இல்லாவிட்டால் சம்பாவோடு சரி. அறுத்த நெல்லைக் கொள்முதல் நிலையத்தில் கொட்டி, ஈரப்பதம் 17 சதவீதத்துக்குள் வரும்வரை காயவைத்து, 40 கிலோ மூட்டையாகப் பிடித்துக் கொடுத்து, வங்கியில் பணம் ஏறியிருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருப்பார். அவருக்கு யார் மாதச் சம்பளம் கொடுத்தார்கள்? அந்த மூன்று ஏக்கரை வைத்துத்தான் உங்களைப் படிக்கவைத்திருக்கிறார்.

திருவையாறு பக்கம் என் தாத்தா வீட்டில் ஒரு பத்தாயம் இருந்தது. ஆள் உயரத்துக்கு மேல் இருக்கும் பலகைப் பெட்டி. தை அறுவடை முடிந்ததும் ஏணி வைத்து ஏறி, மேலே திறந்து நெல்லைக் கொட்டுவார்கள். எடுப்பது மட்டும் கீழே, கை நுழையும் அளவுக்கு இருக்கும் ஒரு சின்ன வாய் வழியாக. அதன் பலகையை மேலே தூக்கினால் சரசரவென்று மரக்காலில் நெல் விழும். நிறைந்ததும் பாட்டி உள்ளங்கையால் பலகையைத் தட்டி இறக்கிவிடுவார். மாசியில் பத்தாயம் விளிம்பு வரை இருந்தாலும் புழுக்க எடுப்பது அத்தனை மரக்கால்தான். புரட்டாசியில் அடிப்பலகை தெரிந்தாலும் அத்தனை மரக்கால்தான். உங்களுக்கு நான் சொல்லப்போவது இதைத்தான்.

இரண்டு வங்கிக் கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். ஃபைவரோ சென்னையோ, எங்கிருந்து வந்தாலும் பணம் முதல் கணக்கில்தான் விழ வேண்டும். அதற்கு ஏ.டி.எம். கார்டு வேண்டாம், ஜிபே, போன்பே எதிலும் அதை இணைக்காதீர்கள். அதிலிருந்து ஒவ்வொரு மாதமும் 5-ஆம் தேதி 30,000 ரூபாய் தானாகவே இரண்டாவது கணக்குக்குப் போகும்படி வங்கியில் நிலையான உத்தரவு கொடுத்துவிடுங்கள். அந்த 30,000-தான் உங்கள் சம்பளம். அக்டோபரில் 1,42,000 வந்தாலும் 30,000, ஜனவரியில் 11,000 வந்தாலும் 30,000. ஒரு முழு ஆண்டு பார்த்துவிட்டு, சராசரி உண்மையாகவே ஏறியிருந்தால் சம்பளத்தை உயர்த்திக்கொள்ளுங்கள். ஒரு நல்ல மாதத்தைப் பார்த்து உயர்த்த வேண்டாம்.

முதல் கணக்கில் எவ்வளவு நிற்க வேண்டும்? பொதுவாக மூன்று மாதச் செலவு என்பார்கள். வருமானம் ஏறி இறங்குகிறவர்களுக்கு ஆறு மாதமாவது வேண்டும் என்பது என் கருத்து. டெல்டாவில் இருப்பவர்களுக்கு அதில் நான் சமரசமே செய்வதில்லை. 2018 நவம்பர் 16 அதிகாலை கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையேறியதே, பல கிராமங்களில் வாரக்கணக்கில் மின்சாரம் வரவில்லை. தென்னை போனவர்களின் இழப்பு கண்ணுக்குத் தெரிந்தது. கரண்டும் நெட்டும் இல்லாமல் வேலையைக் குறித்த நாளில் அனுப்ப முடியாமல் போனால் உங்கள் இழப்பு வெளியே தெரியாது, நிவாரணமும் வராது. ஆகவே 1,80,000. அதோடு ஒரு இன்வெர்ட்டரும், வேறு நிறுவனத்தின் சிம் போட்ட ஒரு டேட்டா இணைப்பும். இவை ஆடம்பரம் இல்லை, உங்கள் ஏரும் மாடும்.

ஆனால் அதற்கு முன்னால் கார்டு கடன். மாதம் மூன்றரை சதவீதம் என்றால் ஆண்டுக்கு 42 சதவீதம். மினிமம் மட்டும் கட்டினால் அந்த 62,000 நகரவே நகராது. புதிதாக வாங்கும் பொருளுக்கும் வாங்கிய நாளிலிருந்தே வட்டி ஏறும். வீட்டில் ஒரு வளையல் இருந்தால் வங்கியிலோ கூட்டுறவுச் சங்கத்திலோ வைத்து கார்டை ஒரே தடவையில் அடைத்துவிடுங்கள். நகைக்கடன் வட்டி கார்டு வட்டியில் மூன்றில் ஒரு பங்குகூட வராது. நடவுக்குப் போய் அறுவடைக்குத் திரும்பும் நகை நம் ஊரில் எல்லா வீட்டிலும் உண்டு, இதில் கூச்சப்பட ஒன்றும் இல்லை. மாதம் மிஞ்சும் 34,000-ஐ வைத்துப் பார்த்தால், நகையை மீட்டு 1,80,000-ஐயும் சேர்க்க ஏழெட்டு மாதம் ஆகும்.

அதைவிடச் சீக்கிரமாகவும் ஆகலாம். உங்கள் கடிதத்தில் என்னை நிமிர்ந்து உட்கார வைத்த வரி, "10 சதவீதம் பிடித்துக்கொண்டுதான் அனுப்புகிறார்கள்" என்பது. 2,88,000 வந்திருக்கிறது என்றால் பில் 3,20,000, பிடித்தது 32,000. அது கம்பெனிக்குப் போன பணம் இல்லை. உங்கள் பான் எண்ணில் அரசிடம் கட்டப்பட்ட டி.டி.எஸ்., அதாவது முன்கூட்டியே பிடிக்கும் வருமான வரி. வருமான வரித் தளத்தில் நுழைந்து படிவம் 26ஏஎஸ்-ஐத் திறந்து பாருங்கள், அங்கே இருக்க வேண்டும். இல்லையென்றால் அந்தக் கம்பெனியைக் கேட்க உங்களுக்கு முழு உரிமை உண்டு.

அந்தப் பணம் திரும்புமா என்று பார்ப்போம். ஃபைவர் 20 சதவீதம் கமிஷன் எடுக்கிறது. கைக்கு வந்த 4,80,000-க்கு உண்மையான பில் 6,00,000. வரிக் கணக்கில் அந்த முழுத் தொகையைத்தான் காட்ட வேண்டும். பலர் தவறு செய்யும் இடம் இது. ஆக மொத்த வரவு 9,20,000. தகவல் தொழில்நுட்பம் போன்ற குறிப்பிட்ட தொழில் செய்பவர்களுக்கு 44ஏடிஏ என்ற பிரிவு உண்டு. மொத்த வரவில் பாதியை வருமானமாகக் காட்டினால் போதும். செலவுக்கு ரசீது ஒவ்வொன்றாகத் தேட வேண்டாம். உங்கள் பில்களைக் காட்டி, உங்கள் வேலை அதில் அடங்கும் என்பதை ஓர் ஆடிட்டரிடம் உறுதி செய்துகொள்ளுங்கள். பாதி 4,60,000. புதிய வரி முறையில் 4 லட்சம் வரை வரி இல்லை. மேலே உள்ள 60,000-க்கு 5 சதவீதம், 3,000 ரூபாய். வரிக்குரிய வருமானம் 12 லட்சம் வரை இருப்பவர்களுக்கு அதுவும் தள்ளுபடி. வரி பூஜ்யம், 32,000 முழுதாக உங்கள் கணக்குக்குத் திரும்பும். வருமான வரிக் கணக்கை ஐ.டி.ஆர்.-4 படிவத்தில் ஜூலைக்குள் தாக்கல் செய்துவிடுங்கள். 2026 ஏப்ரல் 1 முதல் புதிய வருமான வரிச் சட்டம் வந்து பிரிவு எண்கள் மாறியிருக்கின்றன, ஆனால் நீங்கள் இப்போது தாக்கல் செய்யப்போகும் 2025-26 கணக்குக்குப் பழைய சட்டம்தான். முந்தைய இரண்டு ஆண்டுகளிலும் இப்படிப் பிடித்திருந்தால், தாமதத்தை மன்னிக்கக் கோரி மனு கொடுத்துக் கேட்கும் வழியும் உண்டு. அதையும் அந்த ஆடிட்டரிடமே கேளுங்கள். ஜி.எஸ்.டி. பதிவு ஆண்டு வரவு 20 லட்சத்தைத் தொடும்வரை உங்களுக்குத் தேவைப்படாது.

வரி இல்லாதபோதும் தாக்கல் செய்யச் சொல்வதற்கு இன்னொரு காரணம் இருக்கிறது. நாளை வீட்டுக் கடனோ வாகனக் கடனோ கேட்டுப் போனால் வங்கியில் உங்களிடம் சம்பளச் சீட்டு கேட்க முடியாது, இரண்டு மூன்று ஆண்டு ஐ.டி.ஆர். கேட்பார்கள். அந்த ஒப்புகைச் சீட்டைப் பிரின்ட் எடுத்து அப்பாவிடம் கொடுங்கள். வரன் வீட்டார் கேட்டால், "என் பொண்ணு சொந்தமா டிசைன் தொழில் பண்ணுது, வருஷம் ஒன்பது லட்சத்துக்கு பில் போடுது, வருமான வரி கணக்கு கட்டுது" என்று அவர் சொல்லலாம். மகள் செய்யும் வேலையைச் சொல்ல ஒரு வாக்கியம் கிடைக்காமல்தான் அவர் தவிக்கிறார் என்று எனக்குப் படுகிறது.

பாக்கி 85,000-க்கு வருவோம். பில் எண், தேதி, வேலை ஒப்படைத்த நாள், தொகை எல்லாம் குறிப்பிட்டு, பத்து நாள் கெடு வைத்து மின்னஞ்சல் அனுப்புங்கள். தொலைபேசியில் கெஞ்ச வேண்டாம். பணம் வரும்வரை அவர்களுக்கு அடுத்த வேலை கிடையாது. இன்னும் கொடுக்காத மூலக் கோப்புகள் இருந்தால் அவையும் உங்களிடமே இருக்கட்டும். இனிமேல் எந்த உள்நாட்டு வேலைக்கும் பாதி முன்பணம் வாங்காமல் லேப்டாப்பைத் திறக்காதீர்கள். இந்த வாரமே மத்திய அரசின் உத்யம் தளத்தில் குறுந்தொழிலாகப் பதிவு செய்துகொள்ளுங்கள். ஆதாரும் பானும் போதும், கட்டணம் கிடையாது. பணம் கேட்டால் அது இடைத்தரகர். 2006-ஆம் ஆண்டின் எம்.எஸ்.எம்.இ. (குறு, சிறு, நடுத்தரத் தொழில்) சட்டப்படி, பதிவு பெற்ற குறுந்தொழிலுக்கு 45 நாளுக்குள் பணம் கொடுத்தாக வேண்டும். தவறினால் ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு கூட்டு வட்டி. இனி போடும் பில்லில் உத்யம் எண்ணையும் இந்த 45 நாள் விதியையும் அச்சிட்டு அனுப்புங்கள், கணக்குப் பிரிவு உங்கள் பில்லைக் கொஞ்சம் மேலே வைக்கும். பதிவுக்கு முந்தைய இந்த 85,000-க்கு அதை நம்பியிருக்க வேண்டாம்.

சென்னை வேலை. 35,000-ல் விடுதி, சாப்பாடு, பஸ், மாதம் ஒரு தடவை ஊருக்கு வந்துபோவது எல்லாம் சேர்த்து 18,000-க்குக் குறையாது. மீதி 17,000. வீட்டுக்கு 12,000, இ.எம்.ஐ. 4,200 போனால் கையில் 800. பி.எஃப். சேரும், கம்பெனிக் காப்பீடு கிடைக்கலாம், பெரிய குழுவில் வேலை பழகலாம். இவை உண்மையான லாபங்கள்தான். கற்றுக்கொள்ள ஆசைப்பட்டுப் போகிறீர்கள் என்றால் போய் வாருங்கள். ஜனவரி மாதத்துக்குப் பயந்து போக வேண்டாம். பாதி நேர ஒப்பந்த வேலை வேண்டுமென்றால் முதலில் தஞ்சாவூரில் விசாரியுங்கள், 2024-ல் அங்கேயே மினி டைடல் என்ற ஐ.டி. பூங்கா திறந்திருக்கிறார்கள். ஃபைவருக்குப் போன 1,20,000 கமிஷனையும் யோசியுங்கள். அந்தத் தளத்துக்கு வெளியே நேரடி வாடிக்கையாளர் இரண்டு பேர் கிடைத்தாலே அதில் ஒரு பகுதி உங்களிடம் நிற்கும்.

ஏலச்சீட்டு வேண்டாம். பதிவு செய்யாத சீட்டு என்பது ஒரு பக்கம் இருக்கட்டும். வருமானம் ஏறி இறங்கும் ஒருவர், இன்னொருவர் குறித்த தேதியில் மாதாமாதம் கட்டியே ஆக வேண்டிய எதிலும் இப்போது மாட்டிக்கொள்ளக் கூடாது. பத்தாயம் நிறைந்த பிறகு அஞ்சலகத்தில் பி.பி.எஃப். என்ற 15 ஆண்டுச் சேமிப்புக் கணக்கு ஆரம்பியுங்கள். ஆண்டுக்கு 500 ரூபாய் கட்டினாலே கணக்கு உயிரோடு இருக்கும். நல்ல அறுவடை வந்த மாதம் மொத்தமாகப் போடலாம், ஆண்டுக்கு 1,50,000 வரை. வட்டி 2020 ஏப்ரலிலிருந்து 7.1 சதவீதத்திலேயே இருந்து வருகிறது, வட்டிக்கு வரி இல்லை. 15 ஆண்டு என்பது 26 வயதில் நீளமாகத் தெரியும்; முடியும்போது உங்களுக்கு 41-தான்.

மருத்துவக் காப்பீட்டை மட்டும் தள்ளிப்போடாதீர்கள். கம்பெனி எடுத்துத் தராது என்பதால் உங்களுக்கு 5 லட்சத்துக்குத் தனியாக, அப்பா அம்மாவுக்கு வேறொரு பாலிசி. 2025 செப்டம்பர் 22 முதல் தனிநபர் பாலிசிக்கு ஜி.எஸ்.டி. கிடையாது. பிரீமியத்தை அந்த 32,000 திரும்பி வந்த அன்றே கட்டிவிடுங்கள், மீதியைப் பத்தாயத்தில் கொட்டுங்கள்.